மலையிறக்கத்திலை பாரத்தோடை: கியரிலை இறக்கிறதா, பிறேக்கிலை இறக்கிறதா?

மாங்குளம்_14அடி

வணக்கம் அண்ணைமார். வாகனம் இசுசு எல்ஃப் லொறி, பதினாலரை அடிப் பெட்டி, மனுவல் 5 கியர், எக்ஸோஸ் பிறேக் (புகைப்போக்கியை மூடி எஞ்சினாலை பிடிக்கிறது) இருக்கு. இவ்வளவு நாளும் ஓட்டம் கிளிநொச்சி – வவுனியா – தம்புள்ளை மட்டும்தான். அந்தத் துண்டிலை ஏ9 றோட்டு மேசை மாதிரிக் கிடக்கிறது உங்களுக்குத் தெரியும், கியரைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை.

இனி நுவரெலியாவிலை மரக்கறி ஏத்தி ஏ5 வழியா ரம்பொடை, புசல்லாவை, கம்பளை இறங்கி, கண்டி – மாத்தளை – தம்புள்ளை பிடிச்சு கிளிநொச்சிச் சந்தைக்கு வரவேணும். போகேக்கை வெறும் லொறி. வரேக்கை பாரம். அதாவது இறக்கம் முழுக்கப் பாரத்தோடை.

ஒரு கட்சி சொல்லுது, "கீழ் கியரிலை போட்டு விடு, பிறேக்கிலை காலே வைக்காதை." மற்றக் கட்சி சொல்லுது, "பிறேக் லைனிங் மலிவு, கிளச்சும் கியர்பொக்ஸும் விலை, எஞ்சினைப் போட்டு இழுக்காதை." எது சரி? எந்தக் கியரிலை இறங்கவேணும்? எக்ஸோஸ் பிறேக்கை முழுக்கப் போட்டபடி வரலாமோ? இறக்கத்திலை நியூற்றல் போட்டால் டீசல் மிச்சம் எண்டும் சொல்லினம், அது உண்மையோ? கடைசியா ஒண்டு: சமதரையிலை, ஏ9 இலை மாடு குறுக்கை வந்தால் கியரைக் குறைச்சுப் பிடிக்கிறதா, நேர பிறேக்கா?

---

ஒட்டுசுட்டான்_கராஜ்

ரெண்டு கட்சியும் பாதி சரி. வேகத்தைக் குறைக்கிறது ஒரு வேலை, ஏறவிடாமல் பிடிச்சு வைக்கிறது வேறை வேலை. குறைக்கிறது பிறேக்கின் வேலை. நீண்ட இறக்கத்தில் பிடிச்சு வைக்கிறது எஞ்சினின் வேலை. ஒண்டின் வேலையை மற்றதுக்குக் குடுத்தால்தான் சாமான் உடையும்.

ஏன் எண்டதுக்குக் கணக்கைப் பாருங்கோ. லொறியும் பாரமும் சேர்த்து 6 டன் எண்டு வைப்பம். 100 மீற்றர் உயரம் இறங்கினால் ஏறத்தாழ 59 இலட்சம் ஜூல் சக்தி எங்கையாவது போகவேணும். சாதாரண சூட்டில் இருக்கிற ரெண்டு லீற்றருக்கு மேலான தண்ணியைக் கொதிக்கவைச்சு முழுக்க ஆவியாக்கக் காணும் அது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில், கண்டி 500 மீற்றர் அளவில். வித்தியாசம் 1,300 மீற்றருக்கு மேலை. ரயர் உருளுறதிலும் காத்திலும் ஒரு பங்கு போகும், மிச்சமெல்லாம் உங்கடை நாலு சில்லின்ரை பிறேக் ட்றம்முக்குள்ளை சூடாக இறங்கும், நீங்கள் எஞ்சினிட்டைக் குடுக்காட்டி.

வேகமும் சேரும். 100 மீற்றருக்கு 7 மீற்றர் சரியிற இறக்கத்தில் மணிக்கு 30 இல் வந்தால், அந்த 6 டன்னைப் பிடிச்சு வைக்க 34 கிலோவாற் அளவு தொடர்ந்து வெளியேற வேணும். 60 இல் வந்தால் அது 68. ட்றம் காத்துக்குச் சூட்டைக் குடுக்கிற வேகத்துக்கு ஒரு எல்லை இருக்கு. அதைத் தாண்டினால் சூடு ஏறிக்கொண்டேதான் போகும். மெதுவா இறங்கு எண்டு சொல்லுறதுக்கு வளைவு மட்டும் காரணமில்லை.

சூடு கூடினால் மூண்டு விதமா பிறேக் கைவிடும். கால் சொல்லும் எது எண்டு.

மிதி வழமை போலக் கல்லுமாதிரி நிக்குது, ஆனால் லொறி பிடிக்குதில்லை எண்டால் லைனிங் எரிஞ்சு வழுக்குது. மணம் வரும். கழட்டிப் பார்த்தால் லைனிங் முகம் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும்.

மிதி கொஞ்சம் கொஞ்சமாக் கீழை போகுது, ரெண்டாம் தரம் மிதிச்சால் மேலை நிக்குது எண்டால் ட்றம் சூட்டில் விரிஞ்சு பிறேக் சூவை (லைனிங் பொருத்தின கட்டையை) விட்டு விலகுது. ஏற்கெனவே அட்ஜஸ்ட் பண்ணாத சூ எண்டால் இது சீக்கிரம் வரும்.

மிதி பஞ்சு மாதிரி அமுங்கித் தரைக்குப் போகுது எண்டால் பிறேக் ஒயில் கொதிச்சு லைனுக்குள்ளை ஆவி நிக்குது. ஒயில் அமுங்காது, ஆவி அமுங்கும். இதுதான் மோசம், ஏனெண்டால் ஒரு வளைவில் இருந்த பிறேக் அடுத்த வளைவில் இருக்காது. டொட் 3 எண்ட தரத்துப் பிறேக் ஒயில் புதுசா இருக்கேக்கை 205 பாகைக்கு மேலைதான் கொதிக்கும். ஈரம் உறிஞ்சின பிறகு அதே ஒயிலுக்கு 140 தான் கணக்கு. டொட் 4 க்கு 230 உம் 155 உம். ரெண்டு வரியத்துக்கு ஒருக்கா மாத்தச் சொல்லுறது இதாலைதான். வன்னியில் சமதரை ஓட்டத்தில் பத்து வரியப் பழைய ஒயிலும் ஒரு குறையும் காட்டாது. மலையில்தான் காட்டும்.

கிளச் கதைக்கு வாறன். கியரில் இறங்குறதாலை கிளச் தேயாது. காலை முழுக்க எடுத்த பிறகு பிளேற் வழுக்கிறதே இல்லை, பிறகு எங்கை தேயிறது? தேயிறது கியரைக் குறைச்ச உடனை, எஞ்சின் சுத்து கீழை இருக்க, கிளச்சை விட்டு அதாலை எஞ்சினை இழுத்து ஏத்தேக்கை. அந்தக் கட்சி சொல்லுற செலவு அங்கைதான் வருது. இறங்க முதலே கியர் போட்டிருந்தால் இந்தப் பிரச்சினை எழும்பாது.

---

ஹட்டன்_ஓட்டம்

கராஜ் அண்ணை சொன்னது சரி. ஓட்டுற விதத்தை நான் எழுதுறன்.

கியரை மேட்டின்ரை உச்சியிலை, இறங்கத் தொடங்க முதல் போடுங்கோ. இறக்கத்திலை நடுவழியிலை குறைக்கப் பாக்கிறதுதான் பெரிய பிழை. கிளச்சை மிதிச்ச உடனை எஞ்சின் பிடி விடும், லொறி ஓடத் தொடங்கும், கீழ் கியர் விழாது, மேல் கியரும் திரும்பி விழாது, நியூற்றலிலை நிப்பியள்.

எந்தக் கியர்? "ஏறின கியரிலை இறங்கு" எண்டு பழைய ஆக்கள் சொல்லுவினம். இங்கை அது பொருந்தாது, ஏனெண்டால் நீங்கள் ஏறினது வெறும் லொறி. வெறுமையா நாலிலை ஏறின இடத்தைப் பாரத்தோடை நாலிலை இறங்கேலாது. அளக்கிற விதம் இதுதான்: எக்ஸோஸ் பிறேக் போட்டு, அக்சிலேற்றரிலை கால் இல்லாமல், வேகம் ஏறாமல் நிக்குதோ அல்லது மெல்ல மெல்லத்தான் ஏறுதோ? அப்ப கியர் சரி. ஒவ்வொரு நூறு யார் தூரத்துக்கும் பிறேக் கேட்டுதெண்டால் கியர் ஒண்டு கூடிப்போச்சு. ரம்பொடைக் கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பாரத்தோடை ரெண்டு, இடையிலை நேரா இருக்கிற துண்டுகளுக்கு மூண்டு எண்டு மனதிலை வைச்சுத் தொடங்குங்கோ, பிறகு லொறி சொல்லும்.

மூண்டிலிருந்து ரெண்டுக்குப் போறதெண்டால்: முதல் பிறேக்காலை வேகத்தை ரெண்டாம் கியர் தாங்கிற அளவுக்குக் கொண்டுவாங்கோ. கிளச், நியூற்றல், கிளச்சை விட்டு அக்சிலேற்றரை ஒரு உதை, திரும்பக் கிளச், ரெண்டு, விடு. சிங்க்ரோ (கியர்ப் பல்லுகளின்ரை வேகத்தைச் சமப்படுத்திற வளையம்) உள்ள கியர்பொக்ஸுக்கு ரெண்டு தரம் கிளச் மிதிக்கத் தேவையில்லை எண்டுவினம். தேவையில்லைதான், ஆனால் அந்த ஒரு உதை எப்பவும் தேவை. அதுதான் கிளச் பிளேற்றைக் காப்பாத்திறது. விடேக்கை லொறி முன்னுக்குக் குனிஞ்சு உலுப்பினால் உதை காணேல்லை.

பிறேக்கை லேசா மிதிச்சபடியே வாறேல்லை. 30 தான் உங்கடை எல்லை எண்டால், 30 வந்த உடனை உறுதியா மிதிச்சு மூண்டு செக்கனுக்குள்ளை 22 அளவுக்குக் கொண்டுவந்து முழுக்க விடுங்கோ. திரும்ப 30 வர மட்டும் காலை வைக்காதேங்கோ. ரெண்டு விதத்திலையும் மொத்தச் சூடு அவ்வளவாக வித்தியாசமில்லை. ஆனால் லேசா உரசிக்கொண்டு வாறபோது அட்ஜஸ்ட் கூடின ஒண்டு ரெண்டு சில்லுத்தான் முழு வேலையும் செய்து எரியும். உறுதியா மிதிச்சால் நாலும் பங்கு போடும், இடையிலை ட்றம்முக்குக் காத்தும் கிடைக்கும்.

எக்ஸோஸ் பிறேக்கை இறக்கம் முழுக்கப் போட்டு வைக்கலாம், அதுக்குத்தான் அது. டீசல் எஞ்சினுக்குப் பெற்றோல் மாதிரி காத்தை மறிக்கிற திறொட்டில் இல்லை. அதாலை காலை எடுத்தால் தானாப் பிடிக்கிறது குறைவு. புகைப்போக்கியை ஒரு தட்டாலை மூடி அந்தக் குறையை நிரப்பினம். சுத்து கூடக்கூடத்தான் பிடி கூடும். நிமிசத்துக்கு 1,200 சுத்திலை போட்டு "வேலை செய்யேல்லை" எண்டு சொல்லிறதிலை அர்த்தமில்லை. கிளச்சை மிதிச்சாலும் அக்சிலேற்றரைத் தொட்டாலும் தானாக விடும். சறுக்கிற ஈர றோட்டிலை, வெறும் லொறியிலை போடாதேங்கோ: பின் சில்லு மட்டும்தான் பிடிபடும், வெறுமைக்கு அது இழுபட்டு வால் வீசும்.

ஒண்டைக் கவனியுங்கோ. ஏத்தத்திலை கவர்னர் (டீசலைக் கூட்டிக் குறைக்கிற சாமான்) சுத்தைக் கட்டுப்படுத்தும். இறக்கத்திலை சில்லு எஞ்சினைச் சுத்திறதாலை கவர்னராலை ஒண்டும் செய்யேலாது. டீசலை நிப்பாட்டும், அவ்வளவுதான். சுத்து மீற்றரிலை இருக்கிற சிவப்புக் கோட்டைத் தாண்டினால் வால்வு பிஸ்ரனிலை அடிக்கும், பிஸ்ரனைப் பிடிக்கிற கொன்றொட் போல்ட் இழுபடும். கோட்டுக்கு 500 சுத்து கீழையே பிறேக்கைத் தொட்டுக் குறைச்சுக்கொள்ளுங்கோ.

---

வெள்ளைக்கோடு

மலைக்கு மேலை சொன்னதெல்லாம் சரி. ஆனால் அதைப் படிச்சுப்போட்டு ஏ9 இலை ஒவ்வொரு சந்திக்கும் 5, 4, 3, 2 எண்டு எஞ்சினாலை பிடிச்சுக்கொண்டு வாற ஆக்கள் இருக்கினம். அது வீண். சமதரையிலை வேகம் குறைக்க பிறேக்தான். நாலு சில்லுக்கும் சூ மாத்திறதுக்கு அரை நாள், கிளச் மாத்தக் கியர்பொக்ஸை இறக்கவேணும். இந்த இடத்திலை ரெண்டாவது கட்சியோடை நான்.

அதோடை பின்னுக்கு வாறவன்ரை நிலைமையை யோசியுங்கோ. கியராலை குறைச்சால் சிவப்பு லைற் எரியாது. எக்ஸோஸ் பிறேக்குக்கும் பெரும்பாலும் எரியாது. இரவு கொக்காவில் காட்டுக்குள்ளை 70 இலை ஒட்டிக்கொண்டு வாற பஸ்ஸுக்கு உங்கடை லொறி குறையிறது தெரியவே தெரியாது. குறைக்க முதல் பிறேக்கை லேசாத் தொட்டு லைற்றைக் காட்டுங்கோ.

மாட்டுக் கேள்விக்கு: நேர பிறேக். கியரை நினைக்கவே வேண்டாம். கண்ட உடனை உறுதியா மிதி, கிளச் கடைசியிலை, எஞ்சின் நிக்கப்போற நேரம். தொடக்கத்திலேயே கிளச்சை மிதிச்சால் எஞ்சின் தாற உதவியும் போகும். சில்லு பூட்டினால் ஸ்ரேறிங் வேலை செய்யாது, பழைய எல்ஃபுக்கு ஏபிஎஸ் இல்லை, அதாலை பூட்டின உடனை ஒரு நூல் விட்டுத் திரும்ப மிதி. மாடு எண்டால் முன்னாலை வெட்டாதேங்கோ, அது போற திசைக்குப் பின்பக்கமாத்தான் ஒதுக்கவேணும். ஒரு மாடு கண்டால் பின்னாலை நாலு நிக்கும்.

நியூற்றல் கதை கார்புரேற்றர் காலத்துக் கதை. கியரிலை, காலை எடுத்து உருளேக்கை, பம்ப் டீசலை முழுக்க நிப்பாட்டும், சில்லுத்தான் எஞ்சினைச் சுத்துது. இஎஃப்ஐ (கார்புரேற்றர் இல்லாமல் பெற்றோலைப் பீச்சிற) பெற்றோல் எஞ்சினும் அப்பிடித்தான், ஐடில் சுத்துக்குக் கிட்ட வரும் வரை பெற்றோல் இல்லை. நியூற்றல் போட்டால் எஞ்சின் நிண்டுபோகாமல் இருக்கத் தன்ரை பங்கைக் குடிச்சுக்கொண்டே இருக்கும். மிச்சம் பிடிக்கிறதெண்டால் தூரத்திலேயே சந்தியைக் கண்டு காலை எடுக்கிறதிலைதான் இருக்கு.

---

மாங்குளம்_14அடி

நன்றி அண்ணைமார். ரெண்டு சந்தேகம். கியரிலை போட்டு, கிளச்சை மிதிச்சபடி இறங்கினால் என்ன நடக்கும்? தேவைப்படேக்கை விட்டுப் பிடிக்கலாம் எண்டு ஒருத்தர் சொன்னவர். மற்றது, பிறேக் முழுக்கப் போனால் கைப்பிறேக்கை இழுக்கலாமோ?

---

ஒட்டுசுட்டான்_கராஜ்

கிளச்சை மிதிச்சபடி கீழ் கியரில் உருட்டிறது நியூற்றலிலும் மோசம். ரெண்டாம் கியரில் போட்டு, கிளச் மிதிச்சு, லொறி 60 க்குப் போனால், சில்லு கியர்பொக்ஸ் வழியாக் கிளச் பிளேற்றைச் சுத்தும். எஞ்சின் ஐடிலில் நிக்கும், மீற்றர் ஊசி அசையாது, ஆனால் உள்ளுக்கு பிளேற் எஞ்சின்ரை உச்சச் சுத்தையும் தாண்டிச் சுத்தும். அந்தச் சுத்துக்கு லைனிங் ரிவெற்றோடை பிடுங்கி வெடிக்கும். கராஜுக்கு வரேக்கை "திடீரெண்டு கிளச் போச்சு" எண்டுவினம். பெல் ஹவுசிங்கை (கிளச் மூடியை) கழட்டினால் லைனிங் துண்டு துண்டாக் கொட்டும்.

கைப்பிறேக்: எல்ஃப், கன்ரர் போன்ற லொறிகளில் அது பெரும்பாலும் சில்லில் இல்லை, கியர்பொக்ஸுக்குப் பின்னாலை புறொப்பெல்லர் சாஃப்ற்றில் (பின் சில்லுக்கு வலுக் கொண்டுபோற தண்டில்) ஒரு சின்ன ட்றம். நிப்பாட்டி வைக்கத்தான் அது. ஓடுற பாரத்தைப் பிடிக்கச் சொன்னால் சில விநாடியில் எரியும், ஒரேயடியா இழுத்தால் சாஃப்ற் ஜொயின்றையோ டிஃபெரன்ஷலையோ உடைக்கும். ஆனாலும் வேறை வழியே இல்லை எண்டால் இழுக்கத்தான் வேணும், இழுத்து விட்டு, இழுத்து விட்டு.

ஒழுங்கு இப்பிடி: மிதியைப் பல தரம் வேகமாக் குத்துங்கோ, ட்றம் விரிஞ்ச கேஸ் எண்டால் பிடி திரும்பும். எக்ஸோஸ் பிறேக் ஓனில் இருக்கோ பாருங்கோ. ஒரு கியர் குறைக்கலாமெண்டால் குறையுங்கோ, ஆனால் விழாது எண்டு தெரிஞ்சால் இருக்கிற கியரை விட்டுக் குடுக்காதேங்கோ. பிறகு கைப்பிறேக். ஹோர்ன், லைற், ஹசாட். இதெல்லாம் காணாட்டி மலைப்பக்க வாய்க்காலுக்குள்ளை இடப்பக்கச் சில்லை விட்டு, மண்ணைத் தேய்ச்சு நிப்பாட்டுங்கோ. மலை வலப்பக்கமெண்டால் எதிர்வாறவனைப் பாத்து. சாவியைத் திருப்பி எஞ்சினை நிப்பாட்டவே கூடாது. சேர்வோவுக்கு (பிறேக் மிதிக்கு உதவி குடுக்கிற சாமானுக்கு) வெற்றிடம் எஞ்சின்ரை பம்ப்பில் இருந்துதான் வருது. நிண்ட பிறகு ரெண்டு மூண்டு மிதிக்கு மட்டும் இருக்கும். பவர் ஸ்ரேறிங்கும் போகும், சாவியைக் கழட்டினால் ஸ்ரேறிங்கே பூட்டும்.

---

வட்டக்கச்சி_வயல்

லொறிக்காரர் மட்டும் பேசினால் காணுமோ? எங்கடை பக்கம் மலை இல்லை, ஆனால் குளக்கட்டு இருக்கு, வாய்க்கால் ஏத்தம் இருக்கு. அறுவடைக்கு நெல் ஏத்தின பெட்டியோடை கட்டிலை ஏறி மற்றப் பக்கம் இறங்கிறதும் இதே பிரச்சினைதான், தூரம் மட்டும் குறைவு. லாண்ட்மாஸ்ரருக்கும் (ரெண்டு சில்லுக் கை உழவு மெசின்) பெரிய நாலு சில்லு உழவு மெசினுக்கும் தெரிஞ்ச ஆக்கள் ஒருக்கா எழுதுங்கோ. வீட்டிலை இளம் பெடியன் இப்பத்தான் ஓட்டப் பழகிறான்.

---

முறிப்பு_மெசின்

பெடியனுக்கு முதல் இதைச் சொல்லிக் குடுங்கோ: லாண்ட்மாஸ்ரரிலை இறக்கத்திலை திருப்பு கிளச் எதிர்ப்பக்கம் வேலை செய்யும்.

சமதரையிலை இடக்கைக்குக் கீழை இருக்கிற பிடியை அமத்தினால் இடச் சில்லுக்கு எஞ்சின் வலு விடுபடும், வலச் சில்லு தள்ளும், மெசின் இடப்பக்கம் திரும்பும். கட்டாலை இறங்கேக்கை பெட்டி பின்னாலை தள்ளும், எஞ்சின் ரெண்டு சில்லையும் பிடிச்சு வைச்சிருக்கும். அந்த நேரம் இடப் பிடியை அமத்தினால் விடுபடுறது வலு இல்லை, பிடி. இடச் சில்லு சுயாதீனமா முன்னுக்கு ஓடும், வலச் சில்லு பிடிபட்டு நிக்கும், மெசின் வலப்பக்கம் வெட்டும். பழக்கத்திலை பெடியன் இன்னும் இறுக்கி அமத்துவான், இன்னும் வெட்டும், கட்டிலிருந்து புரளும். ரெண்டையும் சேர்த்து அமத்தினால் ரெண்டு சில்லும் விடுபட்டு மொத்தமும் ஓடும்.

எதிர்ப் பிடியை அமத்தலாம் எண்டு சிலர் பழக்குவினம். செங்குத்திலை அது சரி. ஆனால் கட்டின்ரை உச்சியிலை மெசின் இழுக்கிறதிலிருந்து பெட்டி தள்ளுறதுக்கு மாறுற அந்த நாலைஞ்சு அடியிலை எந்தப் பிடி எந்தப் பக்கம் எண்டு யாராலும் சொல்லேலாது. அதாலை இறக்கத்திலை ரெண்டு பிடியிலிருந்தும் விரலை எடுத்து, கைப்பிடியை உடம்பாலை தள்ளித்தான் திருப்பவேணும். உச்சிக்கு வர முதல் நேராக்கி, முதலாம் கியர், திறொட்டிலைக் குறைச்சு, பெட்டியின்ரை கால் பிறேக்கை மெல்ல மிதிச்சபடி இறங்கச் சொல்லுங்கோ. மெயின் கிளச் லீவரை இறக்கத்திலை இழுக்கிறதில்லை. அதை முழுக்க இழுத்தால் பிறேக் வாற மெசின்களிலையும், பிறேக் வர முதல் விடுபடுற இடம் ஒண்டு இருக்கு. அந்த இடத்திலைதான் பெட்டி வேகம் பிடிக்கும்.

நாலு சில்லு மெசினுக்கு வாறன். மாசி ஃபெர்குசன் 35, 135, 240 மாதிரிப் பழைய மெசின்ரை கியர்பொக்ஸிலை ஓடேக்கை கியர் குறைக்கிறது சரிவராது, பல்லுத்தான் கத்தும். நிப்பாட்டிப் போட்டு, கட்டேற முதலே ஏறவும் இறங்கவும் ஒரே கியர், லோ பக்கத்திலை. ஹை–லோ லீவர் நடுவிலை நிண்டால் மெயின் கியர் எதிலை இருந்தாலும் நியூற்றல்தான், தேய்ஞ்ச லீவர் அதிர்விலை தானாக் கழரும். கழருதெண்டால் திருத்தாமல் கட்டேறவேண்டாம்.

பிறேக் மிதி ரெண்டையும் சேர்க்கிற கொக்கி. வயலுக்குள்ளை திருப்பக் கழட்டிவிட்டு, அப்பிடியே றோட்டுக்கு வாறதுதான் நடக்கிறது. கொக்கி போடாமல் பாரத்தோடை ஒரு மிதியை மிதிச்சால் ஒரு சில்லு மட்டும் பூட்டி மெசின் சுத்தும். பெட்டிக்கு பிறேக் இல்லாட்டி மெசின்ரை பிறேக்கை இறக்கத்திலை இறுக்கி மிதிக்கேலாது, பெட்டி பின்னாலை வந்து மடக்கும். ஆகவே இங்கை எஞ்சின் பிடிதான் முக்கியம், ஆனால் அதுவும் பின் சில்லிலை மட்டும்தான். ஈரக் களிமண் கட்டிலை ஆகக் கீழ் கியர் போட்டால் சில்லு மெசின் ஓடுற வேகத்தைவிட மெதுவாச் சுத்தி வழுக்கும். வழுக்கினால் கால் தானாப் பிறேக்கைத் தேடும். வேண்டாம். திறொட்டிலைக் கொஞ்சம் கூட்டுங்கோ, சில்லு திரும்ப உருளும், பிடி வரும். நாலு சில்லும் இழுக்கிற மெசினெண்டால் முன் சில்லைப் போட்டுட்டு இறங்குங்கோ.

மூட்டை அடுக்கிறதும் இதிலைதான் சேரும். ரெண்டு சில்லுப் பெட்டிக்குப் பாரம் அச்சுக்குக் கொஞ்சம் முன்னாலை விழவேணும். பின்னாலை கூடினால் கொழுவுற இடத்தைத் தூக்கும், மெசின்ரை பின் சில்லுக்கு அமுக்கம் குறையும், அப்ப எஞ்சின் பிடியும் இல்லை பிறேக்கும் இல்லை.

---

நெடுங்கேணி_155

சின்ன வாகனங்களையும் சுருக்கமாச் சொல்லிப்போட்டுப் போறன், யாராவது தேடி வருவினம்.

மோட்டார் சைக்கிள்: நிப்பாட்டிறதிலை பெரும்பங்கு முன் பிறேக். எஞ்சின் பிடி பின் சில்லுக்கு மட்டும். கிறவல் றோட்டிலை ஒரே இழுவையிலை ரெண்டு கியர் குறைச்சுக் கிளச்சைப் பட்டெண்டு விட்டால், பின் பிறேக்கை இறுக்கி மிதிச்ச மாதிரித்தான், வால் போகும். ஒவ்வொண்டாக் குறைச்சு, கிளச்சை மெல்ல விடுங்கோ. செயின் தொங்கினால் ஒவ்வொரு தரமும் வெட்டி இழுக்கும்.

ஸ்கூட்டி: சில்லோடை எஞ்சினைச் சேர்க்கிற கிளச் சுத்தாலை பிடிக்கிறது. வேகம் நல்லாக் குறைஞ்சால் விட்டுப்போகும், பிறகு எஞ்சின் பிடியே இல்லை.

ரூ ஸ்ரோக் ஓட்டோ: எஞ்சினுக்கு ஒயில் பெற்றோலோடைதான் போகுது. நீண்ட இறக்கத்திலை திறொட்டிலை மூடி, உயர்ந்த சுத்திலை பிடிச்சு வைச்சால் ஒயில் இல்லாமல் பிஸ்ரன் பிடிபடும். இடையிடை ஒரு சின்ன முறுக்குக் குடுங்கோ.

ஒட்டோ கியர் காருக்கு டி இலை விட்டுப்போட்டு பிறேக்கை எரிக்காதேங்கோ, எல் அல்லது எஸ். அக்குவா, பிறியஸ் மாதிரி ஹைபிறிட்டுக்கு பி (B, நிப்பாட்டி வைக்கிற P இல்லை). பற்றரி நிரம்பினால் அது சக்தியைத் திரும்ப எடுக்காது, அப்ப எஞ்சினைச் சுத்தித்தான் பிடிக்கும், இரைச்சல் கூடும். பழுதில்லை.

---

ஒட்டுசுட்டான்_கராஜ்

மாங்குளம் தம்பி, முதல் ஓட்டத்துக்கு முதல் செய்யவேண்டியது.

நாலு சில்லையும் தூக்கி ட்றம் கழட்டுங்கோ. லைனிங் ரிவெற் தலைக்குக் கிட்ட வந்திட்டுதோ, ட்றம்முக்குள்ளை மயிர் வெடிப்பு இருக்கோ, வீல் சிலிண்டர் றப்பரை விரலாலை மடிச்சால் உள்ளுக்கு ஈரம் இருக்கோ? ஈரமெண்டால் சிலிண்டருக்குள்ளை இருக்கிற றப்பர் கப் மாத்துங்கோ, கீழை ஒழுக்கு வர மட்டும் காத்திருக்க வேண்டாம். ஹப் கிறீஸ் லைனிங்கில் பட்டிருந்தால் கழுவித் துடைச்சு சரிவராது, சூடானால் உள்ளுக்கு உறிஞ்சினது வெளியில் வரும். அந்தச் சில்லுக்குப் புது லைனிங், எதிர்ச் சில்லுக்கும் சேர்த்து.

அட்ஜஸ்ட்: பின் தட்டின் துவாரத்துக்குள்ளை ஸ்குரூட்றைவரை விட்டு நட்சத்திரப் பல்லைச் சில்லு இறுகும் மட்டும் சுத்துங்கோ. பிறகு கையாலை சில்லைச் சுழட்ட, உரசல் ஒரு இடத்தில் லேசாக் கேட்கிற அளவுக்குத் தளர்த்துங்கோ. நாலும் ஒரே மாதிரிக் கேட்கவேணும். இதைச் செய்யாமல் மலைக்குப் போறதுதான் இரண்டாவதாச் சொன்ன, ட்றம் விரியிற பிரச்சினையைக் கூப்பிடுறது.

ஒயில் முழுக்க மாத்துங்கோ. மாஸ்ரர் சிலிண்டருக்கு ஆகத் தூரச் சில்லில் தொடங்கிக் காத்து எடுங்கோ. திறந்து கனகாலம் கிடந்த ரின்னில் மிச்சம் இருக்கிறதை விடவேண்டாம், அது ஏற்கெனவே ஈரம் குடிச்சிருக்கும்.

எக்ஸோஸ் பிறேக்கை நிண்டபடி பாக்கலாம்: ஒருத்தர் உள்ளுக்கு எஞ்சினை ஏத்திக் காலை எடுக்க, மற்றவர் கீழை தட்டின்ரை கை முழுக்க நகருதோ எண்டு பார்க்கவேணும். சமதரையில் கனகாலம் பாவிக்காமல் விட்டால் கரி பிடிச்சு அரைவாசியில் நிக்கும். மூடினபடி பிடிச்சால் ஏத்தத்தில் இழுவை இல்லை, கறுப்புப் புகை. திறந்தபடி பிடிச்சால் இறக்கத்தில்தான் தெரியவரும். மண்ணெண்ணெய் விட்டு அசைச்சு விடுங்கோ, வெற்றிடக் குழாய் வெடிச்சிருக்கோ எண்டும் பாருங்கோ. ஏ9 இலும் கிழமையில் ஒரு நாள் போட்டு எடுத்தால் பிடிக்காது.

றோட்டில் மாரித் தண்ணிக்குள்ளாலை வந்தால், வட்டுவாகல் பக்கம் மாதிரி உப்புத் தண்ணியெண்டால் இன்னும், ட்றம் நனைஞ்சு பிறேக் பிடிக்காது. கீழ் கியரில் மெதுவாப் போய்க்கொண்டு இடக்காலாலை பிறேக்கை லேசா உரசிக் காயவிடுங்கோ. லேசா உரசச் சொல்லுறது இந்த ஒரு இடத்தில் மட்டும்தான்.

மலையில் மணம் வந்தால், கம்பளை வரட்டும் எண்டு பாக்காமல் அகலமான இடத்தில் நிப்பாட்டிச் சில்லுக்குக் கட்டை வைச்சு, கியரில் விடுங்கோ. ட்றம்முக்குத் தண்ணி ஊத்தாதேங்கோ, வார்ப்பிரும்பு வெடிக்கும். கையை ரிம்முக்குக் கிட்டப் பிடிச்சு நாலையும் ஒப்பிடுங்கோ. ஒண்டு மட்டும் கொதிச்சு மற்றது வெதுவெதுப்பா இருந்தால் அட்ஜஸ்ட் பிழை அல்லது சிலிண்டர் பிடிபட்டிருக்கு. நாலும் ஒரே மாதிரிக் கொதிச்சால் சாமானில் பிழையில்லை, கியர் ஒண்டு கூடிப்போச்சு.

---

மாங்குளம்_14அடி

வடிவா விளங்கிச்சுது. இந்தக் கிழமை ட்றம் கழட்டிறன். பின் இடச் சில்லிலை ஹப் கிறீஸ் கசிவு மாதிரி ஒரு கறை ரிம்மிலை ஏற்கெனவே தெரியுது, கழட்டிப் பாத்திட்டு லைனிங் நிலைமையை இஞ்சை எழுதிறன்.